சொந்தக் குடியிருப்புக்காக

மூன்றாம் மாடி வீட்டுக்கான ஐம்பத்து நான்கு படிகளில் இருபத்தாறாவது படியோடு டிரைவரின் கால்கள் அன்றைய வேலையை முடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அவரை ஏற்றுவது கைப்பிடிக் கம்பியும் மனைவியின் தோளும்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்துவிட்டுத் திரும்பும் மனிதர், இரண்டாம் மாடியை எட்டியதும் அங்கிருக்கும் கதவுக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். மனைவி பக்கத்தில் நின்று அவர் மூச்சு சீராகும்வரை காத்திருப்பாள்.

அன்றும் அந்தக் கதவு திறந்தது.

"எப்பப் பார்த்தாலும் எங்க வாசல்லயேதான் உட்காரணுமா? வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"வாட்ச்மேன்னு சொல்லிடுங்க," என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமல். "சம்பளம் கேக்க மாட்டேன்."

கதவு சாத்தப்பட்டது. சாத்தப்பட்ட ஓசையிலிருந்து, நகைச்சுவை ரசிக்கப்படவில்லை என்பது தெரிந்தது.

டிரைவரின் மனைவியைத் தெரு பல்லுக்காரம்மா என்றே அழைத்தது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் ஜிப்சம் மாவுக் கலவை ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, செயற்கைப் பல்வரிசை கட்டித் தரும் ஒரு சிறிய கூடத்தில் அவள் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறாள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் எங்கே முட்டுகின்றன என்றறிய நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்க விடுவார்கள்; சாயம் படிந்த இடத்தைத் தேய்க்க வேண்டும், படியாத இடத்தை நிரப்ப வேண்டும். மயிரிழை இடைவெளியையும் அவள் கண் தவறவிட்டதில்லை. மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கண் அவ்வளவு கூர்மையாக வேலை செய்திருந்தால், எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்திருக்க மாட்டாள்.

அந்தக் கீழ்த்தளத்துக்கு வாசலில் ஒரே ஒரு படி. டயாலிசிஸ் மையத்துக்கு அங்கிருந்து நிதானமாக நடந்தால் ஆறு நிமிடம். சிறுநீரகங்கள் கைவிட்டு டிரைவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திய பிறகு, அந்த ஒற்றைப் படியும் ஆறு நிமிடமும்தான் அவர்களுடைய வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தன. அவை போய் ஏழு மாதம் ஆகிறது.

வீட்டு உரிமையாளர் அதன் மாடியில் தனியாக வசித்தார். வாடகைக் குடியிருப்பு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் ஷரத்து எண்ணோடு பதில் சொல்வார் என்பதால் தெரு அவருக்கு ஷரத்து என்றே பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். பழைய குடித்தனக்காரரிடம் வாடகையைச் சிறிதளவே உயர்த்த முடியும், புதியவரிடம் இஷ்டம்போல் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்த விதிகளில் ஒன்று. குடித்தனக்காரரை அனுப்ப அந்த விதிகளில் எளிய வழி ஒன்றுதான் இருந்தது: உரிமையாளரோ அவருடைய பிள்ளையோ அந்த வீட்டில் குடியேற வேண்டும் என்ற தேவை.

மகளுக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை அவர் நேரில் வந்து கொடுத்தார்; பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டார்.

"உங்க பொண்ணு இங்க எதுக்கு வரப்போகுது? அதுக்கு வேலையும் அந்த ஊர்ல, வீடும் அந்த ஊர்ல," என்றாள் பல்லுக்காரம்மா.

"எம்பொண்ணு எங்க இருக்கணும்னு பல்லு கட்டுறவங்க முடிவு பண்ண முடியாதும்மா. ஷரத்து பதினாலு, உட்பிரிவு ரெண்டு."

"இவரால படி ஏற முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றார் அவர். "அதுக்கு ஷரத்து இல்ல."

மூன்று மாதத் தவணை முடிந்தது. நடக்கும் தொலைவுக்குள் காலியாக இருந்த ஒரே இடம் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிதான். மின்தூக்கி இல்லாத கட்டடம். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால், வேண்டாம் என்றாலும் பழைய வீட்டு வாசல் கண்ணில் விழும்.

விதி அதோடு முடியவில்லை. பெயர் குறிப்பிடப்பட்ட பிள்ளை முப்பது நாளுக்குள் குடியேற வேண்டும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வசிக்க வேண்டும். வசிக்கவில்லை என்று நிரூபணமானால், வெளியேறியவர் பழைய நிபந்தனைகளோடு திரும்பி வரலாம். இதை அவளிடம் சொன்னவர் டயாலிசிஸ் மையத்தில் அடுத்த படுக்கைக்காரர். ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல், மற்ற கையால் காற்றில் எழுதிக் காட்டினார்.

அவர்கள் காலி செய்த இருபத்தொன்பதாம் நாள் ஒரு சிறிய வண்டியில் கட்டில் ஒன்றும் திரைச்சீலைகளும் வந்தன. உரிமையாளரின் மகளும் வந்தாள். வாசலில் அவள் பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. அதன் கீழே அவளை நிற்க வைத்து அப்பா ஒரு படம் எடுத்தார். தோளிலிருந்து பையை இறக்காமலேயே நின்றாள். அதே பையோடு மாலையில் போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு குடும்பம் நடத்தப்பட்டது. ஆறு மணிக்கு வாசல் விளக்கு எரிந்தது, ஒன்பதரைக்கு அணைந்தது; அதன் சுவிட்ச் மாடியில் இருந்தது. வாசல் கொடியில் ஒரு சட்டையும் இரண்டு துண்டுகளும் காலையில் ஏறி மாலையில் இறங்கின. மழை பெய்த நாளிலும் அவற்றை எடுக்க எவரும் ஓடிவரவில்லை.

"அந்த வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஒரு சுத்தக்காரனை நான் பார்த்ததே இல்ல," என்றார் டிரைவர், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி. "தினமும் அதே சட்டையத் துவைக்கிறான். போட்டுக்கக்கூட நேரமில்ல பாவம்."

"சிரிக்காதீங்க. எனக்கு எரியுது."

"நான் சிரிச்சா எனக்கும்தான் வலிக்குது."

அவளுக்குப் பிடி கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வேலைக்குப் புறப்பட்டவள், பழைய வீட்டுக் கதவில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்துத் தெருவைக் கடந்தாள். உரிமையாளர் உள்ளே வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. பதினோரு ஆண்டுகளில் அவளுக்கும் அத்தகைய தாள்கள் ஒட்டப்பட்டதுண்டு. இப்போது ஒட்டப்பட்டிருந்தது மகளுக்கு: 'குடியிருப்பவர் அவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குப் பராமரிப்புப் பார்வைக்காக உரிமையாளர் உள்ளே வருவார்.' மகள் அங்கே குடியிருக்கிறாள் என்பதற்கு, மகளையும் ஒரு குடித்தனக்காரியாக நடத்துவதைவிட நல்ல சாட்சி ஏது என்று அவர் கருதியிருக்க வேண்டும். வாரந்தவறாமல் கருதினார்.

அவர் ஒட்டும் முறை அலுவலகத்து முறை. கதவுக்குப் பாதி, நிலைக்குப் பாதி, நடுவில் இடுக்கை மூடியபடி நான்கு ஓரமும் பசை. கதவைத் திறப்பவர் தாளைக் கிழித்தாக வேண்டும். பார்க்கவில்லை என்று பிறகு எவரும் சாதிக்க முடியாது. பல்லுக்காரம்மா தன் காலத்தில் அதைக் கிழித்துத்தான் வேலைக்குப் போவாள்.

இந்தத் தாளை முந்தின நாள் மாலையிலேயே அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். ஷரத்தின் கணக்குப்படி இரவு முழுவதும் ஒரு குடும்பம் உள்ளே இருந்திருக்கிறது. காலையில் இரண்டு பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். தாளில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவள் விரலால் இடுக்கின்மேல் தடவிப் பார்த்தாள். மேலே மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து குரல் வந்தது.

"அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தொடறதுக்கு ஒரு ஷரத்து இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார். படிக்கத்தானே ஒட்டியிருக்கீங்க? படிச்சேன்."

அடுத்த நான்கு வாரமும் ஜன்னலிலிருந்து கைப்பேசியில் படமெடுத்தாள். ஐந்தாவது வாரம் வாடகை அலுவலகத்தில் மனு கொடுத்தாள்.

மனுவின் நகல் கிடைத்த மறுநாள் ஷரத்து பல் கூடத்துக்கே வந்துவிட்டார். மாவுப் பொடி படிந்த மேசைகளுக்கிடையே, வெள்ளைச் சட்டையை எதிலும் உரசாமல் காப்பாற்றிக்கொண்டு நின்றார். அவள் ஒரு கீழ்வரிசையைக் கையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தை நிறுத்தவில்லை, அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"வாபஸ் வாங்கிடுங்க. மனு தள்ளுபடியானா மறுபடி போட முடியாது, தெரியுமா? பன்னெண்டு மாசமும் போயிடும்."

"தள்ளுபடியானா பார்த்துக்கறேன்."

"அந்த ஆபீஸ்ல இருக்கற நாற்காலிக்கு டெண்டர் எழுதினவன் நான்."

"அப்ப நல்லாத்தான் எழுதியிருப்பீங்க. அதுல யாரு உட்கார்ந்தாலும் நேரா உட்காருவாங்க."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

"வாய்தானே சார் என் தொழில்." அவள் பல்வரிசையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "தள்ளி நில்லுங்க, பொடி பறக்கும்."

அவர் தள்ளி நின்றார். பிறகு, அறிவுரை சொல்பவர்போல் தணிந்த குரலில் சொன்னார்: "டிரைவருக்கு மிஞ்சிப்போனா இன்னும் எத்தனை நாளும்மா? அதுக்காக இவ்வளவு ஓட்டமா?"

இயந்திரம் நின்றது. கூடத்தில் இருந்த மற்ற மூவரும் தலை நிமிர்ந்தார்கள். அவர் தம் சட்டைக் கையில் இல்லாத பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியேறினார். அன்று தேய்த்த வரிசையில் ஒரு பல் தேவைக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவள் ஒரு வேலையை முதலிலிருந்து தொடங்கினாள்.

விசாரணை நாளில் வாடகை அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். அந்த நாற்காலிக்கு வந்து சில மாதங்களே ஆன அந்த அம்மையார், மூக்கைத் துடைத்த கைக்குட்டையை மேசைமேலேயே வைத்துக்கொண்டு, எதிரே இருந்த மூவரையும் ஒரே அளவு வெறுப்போடு பார்த்தார். ஒரு பக்கம் பல்லுக்காரம்மா. மறுபக்கம் ஷரத்து, அவருக்குப் பக்கத்தில், அழைப்பாணை அனுப்பி வரவழைக்கப்பட்ட மகள். அவள் வேறொரு ஊரில் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் அரசு ஊழியர். இரவுப் பயணம் அவள் முகத்தில் இருந்தது.

"எனக்கு இன்னிக்குப் பதினேழு கேஸ்," என்றார் அதிகாரி. "கதை வேண்டாம். ஆதாரம் என்ன இருக்கு?"

பல்லுக்காரம்மா தன் படங்களைக் கொடுத்தாள். மூன்றாம் மாடியிலிருந்து எடுத்தவை. கதவு தெரிந்தது, அதில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இது தாள்னு எப்படித் தெரியும்? சுண்ணாம்பாக்கூட இருக்கலாம்," என்றார் ஷரத்து. "தவிர, அடுத்தவர் குடியிருப்பை அனுமதியில்லாமப் படமெடுக்கறது ஷரத்து இருபத்தாறின்கீழ—"

"தெரியும், உட்காருங்க." அதிகாரி படங்களை ஓரமாக நகர்த்தினார். பிறகு ஷரத்தைப் பார்த்தார். "உங்க பக்கம்?"

இதற்காகவே பிறந்தவர்போல் ஷரத்து எழுந்து ஒரு தடித்த கோப்பை மேசையில் வைத்தார். பக்க எண், பொருளடக்கம், நூல் கட்டு, எல்லாம் இருந்தன. பெயர்ப்பலகையின் கீழ் மகள் நிற்கும் படம். அவள் பெயரில் எரிவாயு இணைப்பு. அவள் பெயரில் வந்த கடிதங்களின் உறைகள். கடைசியில், குடியிருப்பவருக்கு உரிய முறையில் கொடுக்கப்பட்ட நுழைவு அறிவிப்புகள், இருபத்து மூன்று.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு படம் மேடம். திங்கள் நாலு மணிக்கு ஒட்டினப்ப ஒண்ணு, செவ்வாய் நாலு மணிக்கு நான் கிழிச்சு உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு. தேதியும் நேரமும் படத்துலயே இருக்கு. முழுசா இருபத்து நாலு மணி நேரம் அவகாசம் கொடுத்தேன்னு நாளைக்கு யாரும் குறை சொல்லிடக் கூடாது பாருங்க."

அதிகாரி தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் பாராட்டின் சாயல் இருந்தது. பல்லுக்காரம்மாவின் கண் தலைகீழாக அந்தப் பக்கத்தில் விழுந்தது.

"மேடம், அவர் கோப்பை நானும் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். அது உங்க உரிமை. சீக்கிரம்."

அவள் கோப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடப்பக்கம் திங்கள், வலப்பக்கம் செவ்வாய். நெருக்கத்தில், நல்ல வெளிச்சத்தில், கை நடுங்காமல் எடுத்த படங்கள். பசையின் ஓரம்கூடத் தெரிந்தது. மெதுவாக நான்கு பக்கம் புரட்டினாள். பிறகு வலப்பக்கப் படத்தின்மேல், கதவும் நிலையும் சேரும் இடத்தில், ஆள்காட்டி விரலின் நகத்தை வைத்தாள்.

"இந்த இடுக்கை மட்டும் பாருங்க மேடம். தாள் கதவுலயும் நிலையிலயும் சேர்த்து ஒட்டியிருக்கு. கதவைத் திறந்தா கிழியணும். திங்கள் நாலு மணிக்கு முழுசா இருக்கு. செவ்வாய் நாலு மணிக்கும் முழுசா இருக்கு. இருபத்து நாலு மணி நேரம் அந்தக் கதவை யாருமே திறக்கல. இருபத்து மூணு வாரமும் திறக்கல. நான் எடுத்த படம் இல்ல, அவரே எடுத்தது."

அதிகாரி கோப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இடப்பக்கம் ஒரு விரல், வலப்பக்கம் ஒரு விரல் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏழாவது பக்கத்தில் ஒரு தும்மல் போட்டார். பன்னிரண்டாவதோடு நிறுத்தினார்.

ஷரத்து தம் கோப்பைத் தாமே எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அந்த அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டதா, அவகாசம் கழிந்ததா என்று மட்டுமே பார்த்துப் பழகியவர். கதவுக்குப் பின்னால் ஒருவர் இருப்பார் என்பது அவருடைய வேலையில் சேரவில்லை.

"பின்கதவு இருக்கு மேடம்," என்றார். "அவங்க பின்கதவைப் பயன்படுத்தறாங்க."

"பின்கதவைத் திறந்தா மோட்டார் ரூம் சுவர்," என்றாள் பல்லுக்காரம்மா. "பூனை போகலாம். அதுவும் ஒல்லியான பூனை."

"அதை நான் நேர்ல வந்து பார்த்துக்கறேன். அதுக்கு முன்னாடி இவங்கள ஒண்ணு கேக்கணும்." அதிகாரி மகள் பக்கம் திரும்பினார். "அங்க குடியிருக்கறதா உறுதிமொழி கொடுத்திருக்கீங்க. கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா மேடம்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"அப்பா படிச்சுட்டாரு. கையெழுத்து மட்டும் போதும்னாரு."

"அப்ப நான் சொல்றேன், கேட்டுக்கங்க. உறுதிமொழி பொய்னு ஆனா தண்டனை அதுல கையெழுத்துப் போட்டவங்களுக்கு. வீட்டுக்காரருக்கு இல்ல. அரசு ஊழியரா இருந்தா அவங்க துறைக்கும் எழுதுவோம். வேலை போனாலும் போகும்."

மகள் அதிகாரியைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமாப்பா?"

"ஷரத்து முப்பத்தொண்ணு," என்றார் அவர். நினைத்துச் சொன்ன பதிலில்லை. கேள்வி பட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எந்த ஷரத்துன்னு கேக்கல. தெரியுமான்னு கேட்டேன்."

"நிரூபணம் ஆனாத்தானேம்மா... அதுக்குத்தான் இவ்வளவு பெரிய ஃபைல் போட்டேன்."

மகள் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"மேடம், நான் அந்த வீட்ல ஒரு நாள்கூடத் தங்கல. படம் எடுத்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டேன். சாவிகூட எங்கிட்ட இல்ல. இதை எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன். இந்தத் தடவை படிச்சுட்டுப் போடறேன்."

"வாய மூடு," என்றார் ஷரத்து.

"இது என் ஆபீஸ்," என்றார் அதிகாரி. "நீங்க மூடுங்க."

உத்தரவுக்கு முன்பே உண்மையை ஒப்புக்கொண்டதால் மகளுக்கு எச்சரிக்கை மட்டும். பதினைந்து நாளுக்குள் கீழ்த்தளத்தைப் பழைய குடித்தனக்காரரிடம் பழைய நிபந்தனைகளோடு ஒப்படைக்க வேண்டும். அதிகாரி அதை எழுதுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம், மூக்கைத் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு.

நடைக்கூடத்தில் மகள் பல்லுக்காரம்மாவைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"உங்களுக்காகச் சொல்லல."

"தெரியும்."

"பதினோரு வருஷம் இவரோட எப்படித்தான் இருந்தீங்க?"

"நீங்க எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"இருபத்து நாலு," என்றாள் அவள். சிரிக்கவில்லை, கையாட்டவுமில்லை. தோளில் பையை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

ஒப்படைப்புக்கு ஷரத்து பதினைந்தாம் நாளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நாள் முன்னதாகக்கூட அல்ல. அது டிரைவரின் டயாலிசிஸ் நாள் என்பதை அவர் அறிவார். ஒப்படைக்கும்போது வீட்டின் நிலையைக் குறிக்கும் படிவம் நான்கு பக்கம். இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட பிறகே சாவி கை மாறும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். நான்கரைக்கு இரண்டாம் பக்கத்தில் இருந்தார்கள்.

"கூடம். ஆணி ஓட்டை ஏழு," என்றார் அவர்.

"எட்டு."

"ஏழு."

"ஜன்னலுக்கு மேல ஒண்ணு இருக்கு. உங்க திரைச்சீலைக்கு அடிச்சது. எட்டுன்னு எழுதுங்க."

எழுதினார். "தரை. கீறல் ஒன்று. நீளம்..." அளவு நாடாவை விரித்துக் குனிந்தார். அவளும் குனிந்தாள். நாடாவின் மறுமுனையை அவர் அவளிடம் கொடுக்கவில்லை, அவள் கேட்கவுமில்லை. அவர் முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு அளந்தார்.

வாசலில் நிழல் தட்டியது. டிரைவர் நின்றுகொண்டிருந்தார். முழங்கைக்கு மேல் கட்டு. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆறு நிமிடத் தொலைவைத் தனியாக நடந்து வந்திருக்கிறார். எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஒற்றைப் படியில் கால் வைத்து ஏறி உள்ளே வந்து, அளந்துகொண்டிருந்த இருவரையும் சுற்றிப் போய், கூடத்தின் வெறுந்தரையில் மெல்லப் படுத்தார். நல்ல கையைத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

ஷரத்து நிமிர்ந்தார். "டிரைவர், இன்னும் கையெழுத்தாகல. சட்டப்படி இது இன்னும் என் வசம்தான் இருக்கு. ரெண்டு பக்கம் பாக்கி."

"ஆனதும் எழுப்புங்க சார்," என்றார் டிரைவர். கண் மூடியாகிவிட்டது.

ஷரத்து நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதடுகள் லேசாக அசைந்தன. பொருத்தமான ஷரத்து எண்ணைத் தேடுவதுபோல் இருந்தது. தரையில் கிடந்தவரின் மூச்சு நீண்டு சீரானது.

"கீறல் எவ்வளவு நீளம் சார்?" என்றாள் பல்லுக்காரம்மா, குரலைத் தாழ்த்தாமல். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."